ரெண்டு மாத்திரை

என் டாக்டரம்மாவுக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழையிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

போன மாதம் உன் போதை மறுவாழ்வு மருத்துவமனைக்கு வந்து, உன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேனே, அதே நினைவாக இருக்கிறது. ஒரு லாரி டிரைவரிடம், "தினமும் எவ்வளவுண்ணே குடிக்கிறீங்க?" என்று கேட்டாய். "ரெண்டே ரெண்டு கிளாஸ்தாம்மா" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "அப்ப நாலுன்னு எழுதிக்கறேன்" என்றாய். அவரும் சிரித்துவிட்டார். பிறகு, "நாலுதாம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். நீ திட்டவே இல்லை. "எம் பேத்திகிட்ட யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அன்று மாலை என்னையும் கேட்டாய். "பாட்டி, ஆபரேஷனுக்குக் குடுத்த வலி மாத்திரைய இன்னும் போடுறியா?"

"எப்பவாவது ரெண்டுடி" என்றேன். நீ நம்பிவிட்டாய். பேத்தியாகத்தானே கேட்டாய்.

வலி போய் ஆறு மாதமாகிறது. மாத்திரைதான் போகவில்லை. ஒரு வேளை தவறினால் வியர்த்துக் கொட்டுகிறது, உடம்பெல்லாம் முறுக்குகிறது. கடைக்காரர் முறைத்தார் என்று மூன்று கடை மாறிவிட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வருகிறேன். என்னை முதலில் கூப்பிடாதே, சீட்டு வாங்கி வரிசையில் உட்காருகிறேன். அந்த டிரைவரிடம் கேட்ட மாதிரியே கேள். எனக்கு ரெண்டு என்றுதான் வாயில் வரும். நாலு என்று எழுதிவிடாதே கண்ணு. எட்டு என்று எழுது.

உன்னை நம்பி வரும்
பாட்டி