நீலக் கோட்டின் மேல் ஒரு புள்ளி

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் நன்றாயிருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போதே பெரிய மனுஷன் மாதிரிதான் பேச்சு.

பெய்கிற மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு ஓடைக்கு வருகிறது என்று நீங்கள் கருவி வைத்துப் பார்க்கிற காட்டின் அளவுகள் இணையத்தில் வருகிறதல்லவா, அதைத் தம்பி என் போனில் போட்டுக் கொடுத்தான். ஓடையின் மட்டம் நீலக் கோடு. அது ஏறினால் போனைக் கீழே வைக்கமாட்டேன், மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும், நீ ஓடைக்கு ஓடுகிறவள் ஆயிற்றே. ஆள் நேரில் போய் அளந்தால்தான் கோட்டின் மேல் கறுப்புப் புள்ளி விழுமாம். போன சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு புள்ளி, ஒன்று நாற்பது மீட்டரில், பக்கத்தில் உன் பெயரின் முதலெழுத்து. தையல் டேப்பை எடுத்துச் சமையலறைச் சுவரில் அளந்தேன். நானும் நீயும் ஒரே உயரம், என் தாடைக்கு வந்தது. அவ்வளவு தண்ணீரில் நீ இறங்கி நின்றாய் என்றே நினைத்தேன். அவளுக்குத் தெரியாததா என்று சொன்ன அப்பாவும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொறுக்கமாட்டாமல் உங்கள் நிலையத்துக்கே போன் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர் எடுத்தார். நல்ல மனுஷர், சிரிக்காமல் பதில் சொன்னார். அது ஓடையின் குறுக்கே கட்டிய தடுப்புச் சுவரில் பதித்த அளவுகோலின் எண்ணாம், ஆள் நிற்கிற ஆழம் இல்லையாம். வெள்ளத்தில் யாரும் இறங்கமாட்டார்களாம், கரையிலிருந்து உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு, கீழே அது எவ்வளவு நீர்த்து வருகிறது என்று பார்த்தே ஓட்டத்தை அளப்பார்களாம். போன உயிர் திரும்பி வந்தது. போனை வைக்கப்போகும்போதுதான் அவராகவே சொன்னார், "அன்னைக்குக் கரை சரிஞ்சு உங்க பொண்ணு உள்ள விழுந்துட்டாங்கம்மா, இடுப்புல கயிறு இருந்ததால இழுத்துட்டோம். உங்ககிட்ட சொல்லலையா?"

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. கயிறு கட்டாமல் கரைப் பக்கம் போகாதே. தலையை நன்றாகத் துவட்டு. விழுந்தால் விழுந்தேன் என்று சொல், நான் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன். அன்று ஐந்து மணிக்குப் பேசினாயே, துணி துவைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன் என்று. சோம்பேறி என்று நான் உன்னைக் கேலி செய்தேன். அடிப் பாவி, நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாயே.

நீ நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா