மாதேஷின் இடது கை

ஜூலை 8, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் 6.10 பஸ். தர்மபுரி வரை நின்றுகொண்டே.

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். குழந்தைகள் டயாலிசிஸ் பிரிவில் எனக்குக் கிடைத்திருக்கும் டெக்னீஷியன் வேலை. திங்கள் காலை 8 மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு வர வேண்டும். ஒரிஜினல் எல்லாம் ஒரு கவரில், இங்கே மேனேஜர் பீரோவில். சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் அப்படித்தான்.

மேனேஜர்: "மாதேஷுக்கு வேற ஆளு ஊசி போடட்டும். அன்னிக்கே கவரைத் தர்றேன்மா."

மாதேஷ் இண்டூர்க்காரர், 38 வயது, போர்வெல் லாரி ஓட்டியவர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஒரே இடம், ஒரே சாய்வு, ஒரே ஆள் போட வேண்டும். ஒரு வருடமாக நான். போட்டுப் போட்டுத் தோலுக்குள் வழி விழுந்துவிட்டது, கம்மல் ஓட்டை மாதிரி.

இன்று ரேவதியைப் போடவிட்டேன். புதுப் பெண், நல்ல கை. ஊசி வழி தவறிவிட்டது. கை வீங்கி, ஐஸ் வைத்தோம். "பரவால்லைங்க சிஸ்டர், இன்னொருக்கா போடட்டும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ரேவதி அழுதுவிட்டாள். வீக்கத்துக்கு மேலே வேறிடத்தில் நானே போட்டேன்.

ஜூலை 9, புதன்

நாள் முழுக்கக் காற்று. வாங்க வேண்டியவை: பூட்டு, பக்கெட், கொசுவர்த்தி.

அம்மா: "அடுத்த வியாழன் ஆடி பொறக்குது பாப்பா. ஆடியில வூடு மாறக் கூடாது. முடியலைன்னா ஆவணியில பாத்துக்கலாம்."

ஆவணி வரை யார் காத்திருப்பார்கள்? சென்னையில் ஏற்கனவே ஒரு தேதியைத் தள்ளிக் கேட்டு வாங்கியதுதான் இந்தத் திங்கள். இங்கே கவர், அங்கே தேதி, வீட்டில் ஆடி. பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலில். அதை ஒதுக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். ரேவதிக்குச் சாய்வைச் சொன்னேன். அரை இஞ்ச் போனதும் நிறுத்தி, ஊசி பிடித்த கையைத் தாழ்த்த வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை. "இவளை விட்டா ஆள் இல்ல" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு நிறையும். அதுவே இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. மாதேஷ் கை வீங்கியது என்னால். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வெயில். வீக்கம் வடிந்திருந்தது. மாதேஷிடம் சென்னை வேலை, கவர், ரேவதிக்குச் சொல்லாமல் விட்டது, எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்தப் புள்ளைய மறுபடி வுடாதீங்க. நானே போட்டுக்கறேன்."

"உங்களாலயா?"

"வருசம் பூரா பாத்துக்கிட்டுத்தானே கெடக்கறேன். மலை ரோட்டுல லாரி ஓட்டுனவன், அரை இஞ்ச் ஓட்ட மாட்டனா?"

டாக்டரிடம் கேட்டேன். "சில பேரு போட்டுக்கறாங்க. நீ பக்கத்துல நிக்கணும்."

இன்று ஊசி என் கையில், மாதேஷின் வலது கை என் கைமேல். எங்கே நிறுத்துவது, எங்கே தாழ்த்துவது என்று சொல்லிக்கொண்டே போட்டேன்.

நான் சொல்லாமல் விட்டதை ரேவதியிடமும் ஒப்புக்கொண்டேன். மதியம் தனியாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 12, சனி

பஸ் லேட். ஓடிப் போய்ச் சேர்ந்தேன்.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே. மாதேஷ் முதல் ஊசியை எடுத்தார். உள்ளே விட்டார், நிறுத்தினார், தாழ்த்தினார். ட்யூபில் ரத்தம் ஏறியது. ரத்தம் திரும்பிப் போகும் இரண்டாவது ஊசியும் சரி. கிளவுஸ் போட்ட என் கை சும்மா இருந்தது.

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. என்னைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை; போகாமலிருக்கச் சாக்கும் இல்லை.

மேனேஜர் விடவில்லை. "பேஷண்டே போட்டுக்கிட்டா அது வேற ஆளா?"

"பின்ன நான் யாருங்க சார்?" என்றார் மாதேஷ்.

கவர் வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட், ஒன்றரை மணி சென்னை பஸ்ஸுக்கு. அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருக்கிறாள். தலைவலி.

மாதேஷ் போன்.

"சிஸ்டர், நாளான்னிக்கு நீங்க இல்லாம போடணும். வாங்கன்னு சொல்லல. பயமா இருக்குதுங்க, அவ்வளவுதான்."

"எனக்கும்தாங்க" என்றேன்.

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.