மஞ்சள் சுடர்

ஹனோவர்,
14 நவம்பர் 1971

அன்புத் தங்கை வேதவல்லிக்கு, அண்ணன் வாசுதேவன் எழுதுவது. உன் கடிதம் வந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். அவர்கள் எதிரில் இதைப் படிக்க வேண்டாம்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை குடிப்பதில்லை. நேற்று அவரைப் பார்க்கவென்றே அவர் குடியிருக்கும் ஏரிக்கரைக்குப் போனேன். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தாலும், அவர் கடைக்குப் போன நேரத்தில் அலமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்தேன். ஒரு பாட்டில் கூட இல்லை.

ஆனால் நீ பயந்ததில் தப்பில்லை. அவர் உனக்கு எழுதிய கடிதங்களில் எழுத்து ஏன் கோணுகிறது, ஒரே வரி ஏன் இரண்டு தரம் வருகிறது என்று எனக்கும் புரியவில்லை. அவருடைய பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் தங்கை கணவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் வேறு அர்த்தம் இருந்தது. நேற்று என் கண்ணெதிரே படியில் கால் வழுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். தலை பாரமாக இருக்கிறதாம். குளிர்தான் காரணம் என்று சிரித்தார்.

நீ வந்து குடியிருக்கப் போகும் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு. நம் சமையல் வாசனைக்குப் பயந்து ஊருக்குள் யாரும் தம்பதிக்கு அறை தராததால் இதை வாடகைக்குப் பிடித்திருக்கிறார். கோடையில் ஜனம் நிறையும் இடமாம். இப்போது எல்லா வண்டிகளும் பூட்டிக் கிடக்கின்றன. இவர் ஒருவரும், வாசலில் முகாம் மேற்பார்வையாளர் போல்மானும்தான்.

குளிர் தாங்க வண்டியின் பக்கவாட்டில் ஒரு கூடாரம் இழுத்துக் கட்டி, அதன் மேல் கம்பளிகளை விரித்திருக்கிறார். அதற்குள்தான் மேஜை, படிப்பு, எல்லாம். உள்ளே கணகணவென்று இருக்கிறது.

வண்டிக்குள் அவருடைய பெருமை எல்லாம் தண்ணீர் காய்ச்சும் ஒரு கேஸ் பாய்லர். வெளியே சிலிண்டரைத் திறந்துவிட்டு, பாய்லரின் குமிழை அழுத்திப் பிடித்தபடி சின்ன ஜன்னல் வழியாகத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். சிறு சுடர் பிடித்து நின்றதும் கையை எடுக்கலாம். அப்புறம் குழாயைத் திறந்தால் பெரிய சுடர் தானே பற்றும். குளிர் வந்ததிலிருந்து அந்தச் சுடர் சோம்பி, தண்ணீர் வெதுவெதுப்பாகவே வந்ததாம். பர்னரைக் கழற்றி அதன் பொடித் துவாரத்தைத் தையல் ஊசியால் குடைந்து சுத்தம் செய்தாராம். எனக்குக் குழாயைத் திறந்து காட்டினார். நீலமாக எரிந்தது இப்போது மஞ்சளாக, சாண் உயரத்துக்கு எழும்புகிறது. "பாருங்க மச்சான், வேதாவுக்குத் தலைக்கு ஊத்த சுடுதண்ணி ரெடி. இனிமே இது பங்களா!" என்றார். கூடாரத்துக்குள் பாய்லரின் புகைபோக்கி திறக்கும் இடத்தில் துணியெல்லாம் கரி. துவைத்தால் போய்விடும் என்றார்.

அங்கிருந்து திரும்புகையில் எனக்கும் தலைவலி. ரயிலில் போன பிறகுதான் விட்டது. அந்தக் கூடாரத்தில் தினமும் வந்து படுக்கும் பூனை ஒன்று போன வாரம் செத்துக் கிடந்ததாம். கிழப்பூனை என்று போல்மான் சொல்லிவிட்டார். ஏனோ இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கவலைப்படாதே. அடுத்த வாரம் அவரை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

உன் அண்ணன்,
வாசுதேவன்


ஹனோவர்,
12 டிசம்பர் 1971

அன்புள்ள வேதா,

'நலம், கடிதம் பின்னால்' என்று நான் அடித்த தந்தி உன்னை எப்படிக் கலக்கியிருக்கும் என்று தெரியும். முதலில் இதைப் படித்துவிடு: மாப்பிள்ளை பிழைத்துவிட்டார். இப்போது என் அறையில், என் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். டாக்டரிடம் வர அவர் நாள் தள்ளிக்கொண்டே இருந்தார். போன வாரம் ஒரு காலை, போல்மான் தபால் கொடுக்கப் போனபோது வண்டிக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து படியில் உறைந்து கிடந்திருக்கிறது. தட்டினால் பதில் இல்லை. கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார். குளிக்கும் குழாய் திறந்தபடி, பாய்லர் எரிந்தபடி, மாப்பிள்ளை தரையில். முகம் சாகிறவர் முகம் போல வெளுத்தில்லையாம், நன்றாகத் தூங்கும் குழந்தையின் முகம் போலச் சிவந்திருந்ததாம்.

பிறகு வந்த கேஸ் மெக்கானிக்கிடம் நின்று எல்லாம் கேட்டேன். ஊசியால் குடைந்ததில் துவாரம் பெரிதாகி, காற்றுக்கு மிஞ்சிய கேஸ் வந்திருக்கிறது. அதுதான் மஞ்சள் சுடர், அதுதான் கரி. அரைகுறையாக எரிந்த கேஸில் விஷம் இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வெளியே போக வேண்டிய புகைபோக்கியோ கம்பளி போர்த்திய கூடாரத்துக்குள் திறந்திருந்தது. வாரக்கணக்கில் மூச்சோடு மூச்சாக அதை இழுத்திருக்கிறார். எழுத்து கோணியதும் கால் வழுக்கியதும் அதனால்தான். சுடர் சோம்பியதற்குக் காரணம் சிலிண்டர் குளிரில் விறைத்ததுதானாம். துவாரத்தைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்து, என்னைப் பார்த்து, "மச்சான், குழாயை மூடினீங்களா?" என்று கேட்டார். நான் அழுதேன். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்கிறார். நீ சித்திரையில் வரும்போது ஏரியில் பனி உருகியிருக்கும் என்கிறார். பேராசிரியரும் வந்து பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் அம்மாள் என்னைத் தனியே அழைத்து, சில வாரங்கள் இவரைத் தனியாக விடாதீர்கள் என்றார். நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். "ஆமாம், இப்போது நன்றாக இருக்கிறார்" என்றார். அந்த 'இப்போது' எனக்குப் பிடிக்கவில்லை.

பெருமாளுக்கு ஒரு விளக்கு ஏற்று.

வாசுதேவன்


ஹனோவர்,
9 ஜனவரி 1972

என் அருமைத் தங்கைக்கு,

இதோடு அப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். மாமா, அத்தையிடம் அவர் வந்து சொல்லட்டும். நீ சொல்ல வேண்டாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வரை எல்லாம் சரியாக இருந்தது. ஒரு காலையில் காபி போடப் போனவர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். என்ன மாப்பிள்ளை என்றேன். "அடுத்தது என்ன பண்ணணும்?" என்றார். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் சட்டைப் பொத்தானை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பேச்சு குறைந்தது. நடை குறுகியது. தரையில் பனி இல்லாத இடத்திலும் பனிமேல் நடப்பவர் போல அடி எடுத்து வைத்தார். பல்கலைக்கழகத்துக்கு அவர் தினமும் போய்வந்த வழியில் நடுவில் நின்று, "இது எந்த ஊர்?" என்று கேட்டபோதுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் அம்மாள் எதையும் மறைக்கவில்லை. இந்த விஷம் சிலரை இப்படி விளையாடுமாம். விட்டுவிட்டது போல் விட்டு, சில வாரம் கழித்து மூளையைத் தொடுமாம். குணமாகுமா என்று கேட்டேன். "சிலருக்கு மாதங்களில் திரும்புகிறது. சிலருக்குக் கொஞ்சம் திரும்புகிறது. சிலருக்கு இல்லை. இவர் எந்த வகை என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். பழகிய முகமும் பழகிய குரலும் பக்கத்தில் இருப்பது நல்லது என்றும் சொன்னார்.

உன்னிடம் ஒளிக்க மாட்டேன். நேற்று உங்கள் கல்யாணப் படத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். தன்னை அடையாளம் கண்டுகொண்டார், சிரித்தார். பிறகு உன்மேல் விரலை வைத்து, "இவங்க யாரு? நல்ல களையான முகம்" என்றார். படத்தை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். நீ சொல்ல வேண்டிய பதில் அது என்று தோன்றியது.

ஆகவே சித்திரை வரை காத்திருக்காதே. நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுவிட்டு உடனே கிளம்பு. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். பம்பாய் வரை அப்பா கூட வருவார், இங்கே விமான நிலையத்தில் நான் நிற்பேன். தங்க என் அறை இருக்கிறது. நான் நண்பர் சிதம்பரத்தின் அறைக்குப் போய்விடுகிறேன். அந்த ஏரிக்கரைப் பக்கம் நாம் போக வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் அறைக்குள் நீ நுழைந்ததும் அழுதுவிடாதே, வேதா. எழுந்து நிற்கப் பார்ப்பார். "வாங்க, உட்காருங்க" என்பார். வருகிற எல்லாரிடமும் அப்படித்தான் மரியாதையாகப் பேசுகிறார். உன்னையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். பொறுத்துக்கொண்டு உட்கார். பெயர் கேட்டால் சொல். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். முதல் தடவை சொன்னது போலவே மறுபடியும் சொல்.

உன்னை அவர் வாய் நிறைய மீண்டும் 'நீ' என்று கூப்பிடும் நாளைப் பெருமாள் சீக்கிரம் தரட்டும். வா, அம்மா.

உன் வழி பார்த்திருக்கும் அண்ணன்,
வாசுதேவன்