இடது சக்கரம்

ஆடி 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஜீப்புக்கு மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு வேலை. அடுத்த ஞாயிறு அம்மன் ஊர்வலம். அப்பா காலத்திலிருந்து பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அம்மன் எங்கள் ஜீப்பில்தான். முன் சக்கரம் இரண்டும் உறுமுகிறது, பேரிங்குக்கு கிரீஸ் வைக்கணும். இந்த வருஷம் வண்டி நின்றால் பழைய இரும்புக்குப் போடுவேன் என்று இவர் சொல்லியாயிற்று.

வலது சக்கரம் கழற்றி, டீசலில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. கிரீஸ், டீசல், வேஸ்ட் துணி: என் சீட்டுப் பணம். வீட்டுக் கணக்கில் ஏற்றவில்லை.

ஆடி 5, திங்கள்

இடது சக்கரம். நட்டு அசையவே இல்லை. மெக்கானிக் மஞ்சண்ணாவுக்கு போன் போட்டேன். ரிங் போகும்போதே அடுப்பில் பால் பொங்கும் சத்தம். உள்ளே ஓடினேன். போனைக் கொழுந்தன் சுரேஷ் வாங்கிக்கொண்டான். திருப்பத்தூரிலிருந்து வந்து ஒரு வருஷம். பொம்மசந்திரா ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இன்று லீவு.

"நீங்க நகருங்க அண்ணி. இது ஆம்பளை வேலை."

டக். மறுபடியும் டக். வெளியே ஓடி வந்தேன்.

ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, மேலே ஏறி மிதித்திருக்கிறான். ஐந்து போல்ட்டில் இரண்டு முறிந்து தரையில்.

"மெக்கானிக்தான் பலமா திருகச் சொன்னாரு, திருகினேன். நீங்க முன்னாடியே மரையைக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

ஸ்பேனரை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பேசியிருந்தால் ஸ்பேனர்தான் பேசியிருக்கும்.

ஆடி 6, செவ்வாய்

கோயிலில் விழாக் கமிட்டி செயலாளர்: "டிராக்டர் சொல்லிடட்டுமாக்கா? நீங்க கை வெச்சு வண்டி படுத்துருச்சாமே."

"யார் சொன்னது?"

"உங்க வீட்லதான்."

சனிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். அம்மனுக்கு விளக்குப் போட்டேன். தாயே, கோபத்தோடுதான் நிற்கிறேன். மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொள்.

இவரிடம் சொன்னால், "விடு, சின்னப் பையன்." சின்னப் பையனுக்கு முப்பத்திரண்டு வயசு.

ஆடி 7, புதன்

மஞ்சண்ணாவுக்கு நானே போன். அன்னைக்கு என்ன சொன்னீங்க?

"எடகடெ சக்ரா, பலக்கெ திருகிஸி அந்தெ, அம்மா."

பலக்கெ. கன்னடத்தில் வலது பக்கமாக. இடது சக்கரத்தை வலப்பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறார். இவனுக்குக் காதில் விழுந்தது பலம்.

போல்ட் முனையைத் துடைத்தேன். சின்னதாக ஒரு L எழுத்து. இந்தப் பழைய ஜீப்புக்கு இடது சக்கரத்தில் மட்டும் மரை எதிர்ப்பக்கம். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அவன் கழற்றுவதாக நினைத்து, ஏறி மிதித்து இறுக்கியிருக்கிறான். மீதி மூன்றுக்கும் எண்ணெய் விட்டு வலப்பக்கம் திருப்பினேன். முனகிக்கொண்டே வந்தன.

சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன்.

"கன்னடத்துல சொன்னா எனக்கென்ன தெரியும்?"

"கேட்டிருக்கலாமே தம்பி."

"யாரை?" என்றான்.

யாரை. கன்னடம் தெரிந்த நான் அடுப்படியில்தான் இருந்தேன். சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆடி 9, வெள்ளி

ராகு காலத்துக்கு முன்னால் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எதிர் மரை போல்ட் இரண்டு கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "மெக்கானிக் வரலையா மேடம்?"

"வந்திருக்கேன். எடுங்க."

லேத் கடையில், கையோடு கொண்டுபோன சக்கரக் குடத்திலிருந்து முறிந்ததைத் தட்டி எடுத்து, புதுசை அடித்து இறக்கிக் கொடுத்தார்கள். கிரீஸ் வைத்து மாட்டியாயிற்று. உறுமல் இல்லை. செயலாளரிடம் டிராக்டர் வேண்டாம் என்றேன். "தம்பி சரி பண்ணிட்டாராக்கா?"

ஆடி 11, ஞாயிறு

விடாத மழை. அம்மன் ஏறியாயிற்று, ஜீப் நிறைய பூ. செயலாளர் சுரேஷைக் கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டி, ஓட்டச் சொன்னார். "அம்மன் வண்டிக்கா. பொம்பளைங்க ஓட்டக்கூடாது." மேலே உட்கார்ந்திருப்பது யாராம்? ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் நடந்தேன்.

மேட்டுச் சந்தில் பின் சக்கரம் வழுக்கி, வண்டி இடது சாக்கடையை நோக்கிச் சரிந்தது. பையன்கள் கல் வைத்து நிறுத்தினார்கள். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்ன லிவர் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. முகம் வெளிறி எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, எந்தப் பக்கம் திருப்ப?"

"பலக்கெ," என்றேன்.

மஞ்சண்ணா வழியாகக் கதை தெரிந்த மேளக்காரர் சிரித்தே விட்டார். சுரேஷ் இறங்கினான். யாரும் தடுக்கவில்லை. தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். சின்ன லிவரைப் போட்டு, முதல் கியர். நாலு சக்கரமும் பிடித்தது. அம்மன் மேடேறினாள்.

பரிவட்டம் அவன் தலையிலேயே இருந்தது.