கீழ் அறையின் தாழ்ப்பாள்

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு,

இரும்புலியூரிலிருந்து அப்பா எழுதுவது. அயர்லாந்துக் குளிர் உன்னை ரொம்பப் படுத்தாமலிருக்கத் திருநீர்மலைப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் இங்கே மாப்பிள்ளை காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழைதான் இன்னும் வரவில்லை.

ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததில் பள்ளமாகிப்போன நம் கீழ் அறையில், மாப்பிள்ளை ஜெபகுமார் ஒரு மாதமாக ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆள் வைக்கவில்லை. வீடியோ பார்த்து, முதலில் சுவரில் ஓதம் ஏறாமல் பூச்சு அடித்தார். பிறகு மரச்சட்டம் அறைந்து, இடையில் கம்பளி மாதிரி ஒரு பஞ்சைத் திணித்து, மேலே பலகை போட்டு மூடினார். கேட்டதற்கு, "வெயில் தாங்கல மாமா. ஆபீஸ் வேலைக்குக் கூலா ஒரு ரூம் வேணும்" என்றார். இந்த வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சித்திரையில் நான் அங்கேதான் படுப்பேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் விழுந்தது.

போன வாரம் உள்ளே டிவியைச் சத்தமாக அலறவிட்டு, வெளியே வந்து கதவில் காதை வைத்துக் கேட்டார். அப்படியானால் இது வெயிலுக்கு இல்லை, சத்தத்துக்கு. யாருடைய சத்தம்? தினமும் சாயங்காலம் அவருக்குக் குரோம்பேட்டைக்கு என்ன போக்குவரத்து? நீயும் ஊரில் இல்லை. என் புத்தி எங்கெல்லாமோ போயிற்று. "உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த சிஐடி வேலை?" என்று உன் அம்மா திட்டினாள்.

அவர் வெளியே போன நேரம் இறங்கிப் பார்த்தேன். ஒரு புதுக் கட்டில். ஜன்னலை அடைத்திருந்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்! உள்ளே இருப்பவர் திறக்கவே முடியாது. அங்கேயே காத்திருந்தேன். அவர் வந்ததும், "யாரைப் போட்டுப் பூட்டப் போறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பாவை, மாமா" என்றார்.

உன் மாமனாருக்கு நினைவு தப்பி வருடத்துக்கு மேலாகிறதாம். நேரம் காலம் இல்லாமல் கத்துகிறாராம். அவர் குரோம்பேட்டையில் குடியிருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்; அந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். கதவைத் திறந்து ரோட்டில் ஓடிவிடுகிறார் என்றுதான் தாழ்ப்பாளாம். "மேல சத்தம் கேக்காதமாதிரி பண்ணிட்டு, அப்புறம் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். இல்லன்னா ஒத்துக்க மாட்டீங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் உன் மாமனார் வேதசிரோமணியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளை வேறு எப்படி நினைப்பார்?

மறுநாள் நானும் குரோம்பேட்டைக்குப் போனேன். பி.டி. மாஸ்டராக இருந்த மனிதர், பனியனோடு நின்று வெறும் சுவரைப் பார்த்து "அட்டென்ஷன்!" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னைத் தெரியவில்லை. "சட்டைப் பட்டனை ஒழுங்கா போடுடா" என்று அதட்டினார். போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறோம். முன் அறையில் எங்களோடு இருப்பார். கத்தல் மிஞ்சினால் கீழே, அதுவும் யாராவது ஒருவர் கூட இருந்தால்தான். தாழ்ப்பாளை நானே கழற்றிவிட்டேன்.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. மாப்பிள்ளை என்னிடம் சொல்லப் பயந்தார், சரி. உனக்கு இதெல்லாம் முன்பே தெரியுமா? தெரிந்திருந்தாலும், தெரியாது என்றே பதில் எழுது தாயே.

நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
அரிகிருஷ்ணன்