சாமைப் பானைக்குள் இருந்த கார்டு

மாமா,

நேற்று முழுக்க நம் முதல் கிரெடிட் கார்டு சாமைப் பானைக்குள்தான் கிடந்தது. பானை இருக்கும் அறையின் சாவி என் இடுப்பில். பிறகு எப்படி மத்தியானம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் தேய்த்ததாக என் போனுக்கு மெசேஜ் வந்தது? "சனிக்கிழம போளூர்ல தார்ப்பாய் வாங்கனதோட சரி. நான் இன்னா திருடனா?" என்று கத்திவிட்டுப் போனீர்கள். நான் நம்பவில்லை. அதே தொகைக்கு இன்னொன்று வாங்கி எங்கோ ஒளித்திருக்கிறீர்கள் என்று சட்டைப் பையெல்லாம் துழாவினேன். சனிக்கிழமை தார்ப்பாய் வாங்கிய ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ரசீது ஒன்றுதான் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. சனிக்கிழமை மெசேஜே வரவில்லையே! நம் வூட்டில் சிக்னல் கிடையாது. பாங்க் அனுப்பும் மெசேஜ், போனுக்கு டவர் கிடைக்கும்வரை காத்திருக்கும். நேற்று நான் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறியதும் வந்து விழுந்திருக்கிறது. போன் மேலே காட்டுவது வந்து சேர்ந்த நேரம். தேய்த்த தேதி உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை என்றுதான் போட்டிருக்கிறது.

சந்தைக்குப் போகிறேன். குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

தமிழரசி

மறந்துவிட்டேன்: சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன், இனி அது அங்கேதான் இருக்கும். மெசேஜ் வந்தால் உள்ளே இருக்கும் தேதியை ரசீதோடு ஒத்துப் பார்ப்போம். பில் வந்ததும் கெடுவுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிடுவோம்.