பூண்டு ஊறுகாயும் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவின் இடுப்பைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், ஊர்ப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவள் தான் மட்டும் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடினால் நன்றாகவா இருக்கும். நீ கேட்ட பூண்டு ஊறுகாய் இரண்டு பாட்டில் தயார், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். போனில் பேசினால் நடுவில் புகுந்து அம்மா அம்மா என்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால்தான் கடிதம். பதினெட்டாம் தேதி உன் ஆராய்ச்சியை வாசிக்க மேடையேறுவதற்கு முன் நீ இதைப் படித்தே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துச் சாப்பாடு சாப்பிட்டு வளரும் பிள்ளைகள் சிகரெட் பக்கம் போவதில்லை என்று கண்டுபிடித்தாயே, ஆறு பள்ளிக்கூடங்களில் நான் குமாஸ்தாவாக இருக்கிற பள்ளிக்கூடம்தான் முதலிடம் என்று குதித்தாயே, அது சுத்தப் பொய். பொய் சொன்னது நீ இல்லை, நாங்கள். வகுப்பில் உட்காரவைத்துப் பிள்ளைகளையே நிரப்பச் சொல் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். தலைமையாசிரியர், நீ படித்த காலத்துக் கோட்டு சூட்டையே இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறாரே அவரேதான், பாடவேளை வீணாகும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் பஸ் பாஸ் படிவம், தடுப்பூசிப் படிவம் மாதிரி இதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகிற படிவத்தை யார் நிரப்புவார்கள், எந்த வீட்டிலும் அம்மாதான். இருநூற்றுப் பன்னிரண்டும் திரும்பி வந்தபோதே பார்த்தேன், பாதியில் எண்ணெய்க் கறை, ஒன்றில் பழக்கதோஷத்தில் பெற்றோர் கையெழுத்தே போட்டிருந்தது. சிகரெட் பிடித்ததுண்டா என்ற கேள்விக்கு ஒரு மகராசி, என் பையன் சிகரெட் பிடிப்பவர்களைப் பார்த்தாலே வாந்தி எடுப்பான் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். கீரை, கஞ்சி, இஞ்சி, பூண்டு எல்லாவற்றுக்கும் ‘தினமும்’ என்ற கட்டத்தில் டிக். சமையல் போட்டிக்கு விண்ணப்பம் என்று நினைத்துவிட்டார்கள் போல. தெரிந்தும் வாயைத் திறக்காமல் உனக்கு அனுப்பினேன், ஏனென்றால் சின்னவளின் படிவத்தை நிரப்பியது நான்தான். எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

போன வாரம் மொட்டைமாடியில் தண்ணீர் வடியாமல் தேங்கியதால் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுக்க, பத்தொன்பது சிகரெட் துண்டுகள் வந்து விழுந்தன. பிளம்பர் உன் அப்பாவைப் பார்த்தார், நானும் உன் அப்பாவைப் பார்த்தேன். பாவம் மனுஷன், சலூனுக்குள் யாராவது சிகரெட்டோடு வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிற ஆள், அவரைப் போய் இரண்டு மணி நேரம் நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். சத்தியம் செய்து செய்தே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போது சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், நிலைமையைப் பார்த்தாள், “அப்பாவை விட்டுடும்மா, அது நான்தான்” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். பதினாறு வயது. எனக்குக் கோபத்துக்கு முன்னால் அவமானம்தான் வந்தது. மோப்பம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்கிறவள் எப்படிக் கோட்டை விட்டேன்? அதைத்தான் முதலில் கேட்டேன். “பூண்டு ஊறுகாய்மா, ஒரு ஸ்பூன் வாயில போட்டா யாரும் கிட்டவே வரமாட்டாங்க, எங்க கிளாஸ்ல எல்லாரும் அதான் பண்றாங்க” என்கிறாள். ஆறு மாதமாக இவள் ஊறுகாய்க்குப் பறந்ததைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது, அக்கம்பக்கம் முழுக்கப் பெருமையடித்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு அவர்கள் வாசலைத் தாண்டுவேன்.

மறுநாளே தலைமையாசிரியரிடம் போய், ஒரு பாடவேளை கொடுக்கிறீர்களா, அந்தப் பத்தொன்பது துண்டையும் உங்கள் மேசையில் கொட்டட்டுமா என்றேன். கொடுத்துவிட்டார். ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த படிவங்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, பெயர் எழுதாமல் நிரப்பிப் பெட்டியில் போடச் சொன்னேன். நாற்பத்தாறு பேர் நிரப்பினார்கள். அதில் பதினொரு பேர் சிகரெட் பிடிக்கிறார்கள், அந்தப் பதினொன்றில் ஒன்பது பேர் இஞ்சியும் பூண்டும் தினமும் சாப்பிடுகிற உத்தமர்கள். சிகரெட்டைத் தொடாததுகளில் பாதிக்கு மேல் ஊறுகாயைக் கண்டாலே ஓடுகிற ஜென்மங்கள். உன் கண்டுபிடிப்பு தலைகீழாக நிற்கிறது. இது முறையான ஆராய்ச்சி இல்லை என்று எனக்கும் தெரியும், நீ வந்து முறைப்படி எடு, ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு மேடையில் பேசாதே. பேராசிரியர் திட்டினால் எல்லாம் என் அம்மா செய்த வேலை என்று சொல், நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உன் நாலு வருஷ உழைப்பை நாங்கள் இப்படிக் கெடுத்துவிட்டோம். என்னை மன்னித்துவிடு. சின்னவள் நாலு நாளாகத் தொடவில்லை என்கிறாள், எல்லோர் மேலும் எரிந்து எரிந்து விழுகிறாள், அதனால் நம்புகிறேன். நீ ஒரு வார்த்தை அவளோடு பேசு, அறிவுரை வேண்டாம், சும்மா பேசு.

இப்போது ஊறுகாய்க்கு வருகிறேன். அந்த ஒன்பது படிவங்களைத் தனியாக எடுத்து அடுக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்து கை அப்படியே நின்றுவிட்டது. உனக்குப் பதினேழு வயதில் ஒரு வருஷம் முழுக்கப் பூண்டு ஊறுகாய் இல்லாமல் சாப்பாடு இறங்காது. விடுதியில் சேர்ந்த அன்றோடு அந்த ஆசை நின்றுபோனது, பிறகு நான் கொடுத்தனுப்பிய பாட்டில்கள்கூட மூடி திறக்காமல் திரும்பி வந்தன. உன் ஆராய்ச்சியின் முதல் பக்கத்தில் என் கைப்பக்குவத்துக்கு நன்றி எழுதியிருந்தாயே, சின்னவள் வாசித்துக் காட்டியபோது அழுதுவிட்டேன், அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கொடு. அது போகட்டும். பத்து வருஷம் கழித்துப் போன மாதம் திடீரென்று இரண்டு பாட்டில் கேட்கிறாய். உன்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சுகாதார ஆராய்ச்சிக்காரர்கள்.

நல்ல உடம்போடும் நிம்மதியோடும் நீடூழி இரு, அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். நீ என்ன பதில் எழுதினாலும் ஊறுகாய் வந்து சேரும். மறக்காதே, மிச்சமிருந்த ஒரே ஒரு படிவத்தை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம். உன்னுடையதை நான் நிரப்பமாட்டேன், நீயே நிரப்பி அனுப்பு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா